உட்றா!

கோல் விழுந்தால் அடித்தவனை யாரும் தூக்குவதில்லை. காரணமானி என்கிற பெட்டி சீட்டுத் துப்பும்வரை காத்திருந்து, அதில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவரைத்தான் தூக்குவார்கள். போன மாதம் வியாசர்பாடி மைதானத்தில் விழுந்த ஒரு கோலில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு எதிரணி கோல்கீப்பரின் மாமியாருக்குப் போனது. அவர் வைத்த வாளைமீன் குழம்பில் காரம் தூக்கல். மாப்பிள்ளை குனிய யோசித்துவிட்டார். அந்த அம்மாளைத் தோளில் ஏற்றி இரண்டு சுற்று வந்தார்கள். கையசைத்துக்கொண்டுதான் வந்தார்.

நடுக்கோட்டருகே வாஷிங் மெஷின் அளவில் நிற்கும் அந்தச் சாம்பல்நிறப் பெட்டிக்கு ஆட்டக்காரர்களின் நாடி, காற்றின் வேகம், கூச்சல் எல்லாம் கேட்கும். பழைய ஆட்டங்களின் பதிவுகளும் அதன் வயிற்றுக்குள் இருந்தன. எதனால் எது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், களைப்பே கிடையாது.

இதில் வயிறு எரிய வேண்டியவர் தேசிங்கு. பதினான்கு வருடம் ஆடி இருநூற்றுப் பதினோரு கோல் போட்டவர். இப்போது வியாசர்பாடி அணியின் மேலாளர். பருவ முடிவில் மேலாளரின் காரணப்பங்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் நாற்காலி காலி. காலியான நாற்காலி, கடைசிச் சீட்டில் யார் பங்கு அதிகமோ அவருக்கு. இது சங்கத்தின் விதி. தேசிங்கின் பங்கு அரைக்கால். ஓர் ஆட்டம்தான் பாக்கி.

ஆனால் அவருக்கு வயிறு எரியவில்லை. மனிதர் நன்றியில் ஊறியவர். பத்தொன்பது வயதில், காசிமேட்டு அணிக்கு எதிரான ஓர் இறுதியாட்டத்தில், பந்தை வைத்துக்கொண்டு முழித்து நின்றபோது பின்னாலிருந்து கூட்டாளி ஏகாம்பரம் “உட்றா!” என்று கத்தினான். தேசிங்கு விட்டார் ஓர் உதை. வலை கிழிந்தது. வேலை, கல்யாணம், இந்த நாற்காலி எல்லாம் அந்த ஒற்றைச் சொல் போட்ட பிச்சை என்பது அவர் எண்ணம். முப்பத்தொரு வருடமாக, அந்தத் தேதியில் ஏகாம்பரம் வீட்டுக்கு ஒரு முழு வஞ்சிரம் போகும். ஏகாம்பரமும் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

கடைசி ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிடம்வரை கோல் இல்லை. முன்கள வீரன் கஜபதியை நோக்கிப் பந்து உருண்டு வந்தது. தேசிங்கு எழுந்து, தன்னை ஆளாக்கிய அதே சொல்லைக் கத்தினார்.

“உட்றா கஜா!”

கஜபதி விட்டான். உதையை அல்ல, பந்தை. அது அவன் கால்களுக்கு நடுவே புகுந்து போனது. உதை வருமென்று நம்பிப் பாய்ந்த கோல்கீப்பர் காற்றைக் கட்டிக்கொண்டு விழுந்தார். பந்து, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நிதானமாக உள்ளே போனது.

“இன்னாடா பண்ண?”

“நீதான அண்ணாத்த உட்றான்ன? உட்டேன்!”

காரணமானி பதினொரு நிமிடம் உறுமிவிட்டுச் சீட்டைத் துப்பியது. கஜபதி ஏழு. தேசிங்கு இரண்டு. ஏகாம்பரம் ஒன்பது. அருளப்பன் அறுபத்தொன்று.

அருளப்பன் என்றால் காரணமானியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி. விருந்தினர் வரிசையில் சோடா குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது.

ஏகாம்பரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். “மச்சான், அன்னிக்கு நான் உன்ன சொல்லலடா. காசிமேட்டு டீமு பேக்கு ஆடுறவன் ஒருத்தன் என் பனியன புடிச்சினு தொங்கினு இருந்தான். அவனத்தான் உட்றான்னேன். தோ, அந்த சார்தான் அது.”

“முப்பத்தொரு வருசமா ஏன்டா சொல்லல?”

“மீனு நல்லா இருந்திச்சி மச்சான்.”

அந்தத் தோல்விக்குக் காசிமேடே அருளப்பனைத் திட்டியிருந்தது. ‘என்னால் இல்லை’ என்று நிரூபிக்கத்தான் அவர் பந்தை விட்டுப் படிக்கப் போனார்; இருபது வருடம் உழைத்து இயந்திரத்தைச் செய்தார். அது இப்போது அறுபத்தொன்று என்கிறது. விதியை மீற முடியுமா? நாற்காலி அவருக்கு வந்தது.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவர் அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். தேசிங்கு வந்தார். இடது கையில் வஞ்சிரம். வலது கையால் அருளப்பனின் கையைப் பிடித்தார்.

“எல்லாம் உங்களாலதான் சார். பனியன நீங்க புடிக்காம இருந்தா, இன்னிக்கும் பந்த வெச்சினு முழிச்சினு நின்னுருப்பேன்.”

கண்ணில் நீர் வழிந்தது, பிடி தளரவில்லை. மைதானமே பார்த்தது. கூச்சத்தில் அருளப்பனுக்குப் படித்த தமிழெல்லாம் மறந்து காசிமேடு வெளியே வந்தது.

“உட்றா!”

உட்றா என்றால் உதை என்று விடுமுறை முழுக்கத் தேசிங்கிடம் பாடம் கேட்டிருந்த கஜபதி, நாற்பதடியிலிருந்து விட்டான். கோல்.

சீட்டு வந்தது. ‘கையை விடாத தேசிங்கு: அறுபத்தொன்பது.’ அருளப்பன் பருவம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் துள்ளி எழுந்து, “நாற்காலி காலி! காலி!” என்று கூவினார்.

கூட்டம் தேசிங்கைத் தூக்க ஓடிவந்தது. அவர் இன்னும் கையை விடாததால் அருளப்பனையும், வஞ்சிரத்தையும் சேர்த்தே தூக்கவேண்டியதாயிற்று. தோள்களின் மேல் தொங்கியபடி அருளப்பன் மறுபடியும் கத்தினார்.

“உட்றா டேய்!”

கீழே கஜபதி அவசரமாகப் பந்தைத் தேடினான்.