ஏழு உறக்கங்கள்

விசாரணை அறையில் இருந்தவர்கள் ஐவர். உறக்க ஆணையத்தின் அலுவலர் அருட்செல்வி. ஆணையத்தின் மருத்துவர் சபீனா. துறைமுகச் சரக்கு வண்டி ஓட்டுநர் லிங்கத்துரை. ஆவணப்படி அவர் இறந்து பன்னிரண்டு நாளாகிறது. அவருடைய மைத்துனன் பேச்சிராஜன். ஐந்தாவதாக, மேசைமேல் ஒரு சோற்றுச் சட்டி அளவில் மூச்சுத்துணைக் கருவி. அதையும் ஆளாகச் சேர்த்து எழுதுவது ஆணையத்தின் வழக்கம். பெரும்பாலும் சாட்சி சொல்வது அதுதான்.

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியுது," என்றார் அருட்செல்வி. "ஆவணத்துக்குத் தெரியலை. அதுக்குத்தான் கூப்பிட்டோம்."

"அத்தான், ஒரு தடவ இருமிக் காட்டுங்க. நம்பிருவாங்க," என்றான் பேச்சிராஜன்.

அக்கா செத்த வீட்டில் பன்னிரண்டு நாளாக அவன் இப்படி எதையாவது சொல்லித்தான் லிங்கத்துரையைச் சோறு தின்ன வைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கும் மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தான்.

தூங்கிப்போன ஓட்டுநர் ஒருவரால் பள்ளி வண்டி ஒன்று நசுங்கிய ஆண்டில் உறக்கச் சட்டம் வந்தது. வண்டி ஓட்டிப் பிழைக்கும் எல்லோருடைய தூக்கத்தையும் சோதித்தார்கள். லிங்கத்துரைக்கு மணிக்கு நாற்பது முறை மூச்சு நின்றது. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்றின் வழியை அடைத்துவிடும்; மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடும்; எழுந்தது ஆளுக்கே தெரியாது. மூச்சுத்துணை, மூக்கின்மேல் பொருத்தும் மூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கும். ஆளையும் படிக்கும். ஒருவர் மூச்சை இழுக்கும் விதம், விடும் விதம், இடையில் நிறுத்தும் விதம் எல்லாவற்றையும் முதல் ஏழு உறக்கங்களில் கற்று, கைரேகைபோல ஒரு மூச்சுத்தடத்தைப் பதிந்துகொள்ளும். நாளுக்கு நான்கு மணி நேரம் அந்தத் தடம் ஓடினால்தான் அடுத்த முறை வண்டியின் எஞ்சின் அவருக்குக் கிளம்பும்.

அருட்செல்வி திரையைப் பார்த்துப் படித்தார். "அன்னைக்குக் காலை பத்து நாற்பதுக்கு உங்க மூச்சு நின்னுருக்கு. கருவி நீங்க குடுத்திருந்த அவசர எண்ணுக்குப் பேசியிருக்கு. உங்க மனைவி ஜெயசுதாவோட எண். பதினோரு தடவை. யாரும் எடுக்கலை. ஒன்பது நிமிஷம் கழிச்சு மருத்துவ வண்டியைக் கூப்பிட்டிருக்கு. வந்து பார்த்தா இறந்து கிடக்கிறது உங்க மனைவி. நீங்க மூடியக் கையில வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கீங்க."

"அவங்களுக்கு இதயம் நின்னுருக்கு," என்றார் சபீனா. "உங்களுக்கும் அதே நேரத்துல மூச்சு நின்னதா கருவி சொல்லுது. அது எப்படின்னுதான் புரியலை."

"கருவிப் பிழைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றார் அருட்செல்வி. "நாளைக்கே வேலைக்குப் போகலாம். மூணு வருஷமா இந்த மாவட்டத்திலேயே ஒழுங்கான உறக்கம் உங்களோடதுதான். வாசல்ல உங்க படம் மாட்டியிருக்கோமே, பார்க்கலையா?"

பார்த்திருந்தார். படத்துக்கு அடியில் 'நல்லுறக்கர்' என்று எழுதியிருந்தது. படத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின. அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"இந்தக் கருவிய என்ன செய்வீங்க?"

"பிழையான கருவியோட நினைவை அழிச்சிருவோம். உங்களுக்குப் புதுசு வந்துரும்."

லிங்கத்துரை பேனாவை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

கருவி வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாளும் அவர் அதைப் பிய்த்துத்தான் எறிந்தார். தலையைக் கிணற்றுத் தண்ணீருக்குள் பிடித்து அமுக்குவதுபோல இருந்தது. மூன்றாம் நாள் சுவரில் விட்டெறியப் போனவரின் கையிலிருந்து ஜெயசுதா அதைப் பிடுங்கினாள். "குடுங்க இங்க. காத்துதான வருது, விஷமா வருது? நான் போட்டுக்கிட்டுப் படுக்கேன். நீங்க நாற்காலியில சாஞ்சு தூங்குங்க."

கருவி அவளுடைய ஏழு உறக்கங்களை அவருடையது என்று பதிந்துகொண்டது. குணமான நோயாளியின் மூச்சும் நோயே இல்லாதவளின் மூச்சும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிகிச்சை பலித்துவிட்டது என்று அது ஆணையத்துக்கு எழுதியது. இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு அவர் எட்டு மணிக்கு வருவார். ஜெயசுதா தையல் வேலையை மதியத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை உள்ளறையில் அவர் பெயரில் தூங்குவாள். அவர் முன்னறை நாற்காலியில் குறட்டை விடுவார். பன்னிரண்டு மணிக்குக் கருவி அன்றைய மூச்சில் ஒரு நிமிடத்தை ஒலித்துக் காட்டும். "கேட்டீங்களா, எம்புட்டு நல்லாத் தூங்கியிருக்கீங்கன்னு," என்பாள். "ஒங்களுக்காகத் தூங்கித் தூங்கியே நான் பெருத்துப்போயிட்டேன்."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷப் பதிவைக் கேட்டதா குறிக்கணும்," என்று அருட்செல்வி கருவியைத் தட்டினார்.

மூச்சு ஒலித்தது. நீளமாக உள்ளே போய், சிறிது நின்று, வெளியே வந்தது. முடியும் இடத்தில் மெல்லிய ஒரு விசில்.

பேச்சிராஜனின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ஏழு வயதில் அவன் விட்ட பம்பரம் தெறித்து அக்காவின் மூக்குத் தண்டில் அடித்தது. அன்றிலிருந்து அவள் தூங்கும்போதெல்லாம் அந்த விசில். 'ரயில் வந்துட்டு' என்று அவன்தான் அவளைக் கேலி செய்வான். இப்போது கருவியையே பார்த்தான். பிறகு அத்தானைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

அவன் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று லிங்கத்துரைக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை மிஞ்சும். அந்த விசில் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

பேனாவைக் கீழே வைத்தார். "அது என் மூச்சு இல்லம்மா. எம் பொண்டாட்டியோடது. மூணு வருஷமும் அவதான் போட்டுக்கிட்டுப் படுத்தா."

பேச்சிராஜன்தான் முதலில் கேட்டான்.

"போன் அடிச்சுதா அத்தான்?"

"அடிச்சுது."

"ஒங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது. அவ எடுப்பான்னு நெனச்சேன். திரும்பச் சாஞ்சுக்கிட்டேன்."

பேச்சிராஜன் மருத்துவர் பக்கம் திரும்பினான். "அந்த ஒம்பது நிமிஷத்துல யாராவது போய்ப் பாத்திருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் சபீனா. "சிலர் பிழைப்பாங்க."

அவன் எழுந்தான். நாற்காலியை ஓசையில்லாமல் பின்னுக்கு நகர்த்திவிட்டு வெளியே போனான். தூக்குவாளி அங்கேயே இருந்தது.

"உரிமத்த எடுத்துக்கிடுங்க," என்றார் லிங்கத்துரை. "இத மட்டும் அழிக்காதீங்க."

"அழிக்க மாட்டோம். பிழையே இல்லாத கருவியை எதுக்கு அழிக்கணும்?" அருட்செல்வி எழுதிக்கொண்டே சொன்னார். "உங்க பேர்ல இருக்கு. இனி நீங்கதான் போட்டுத் தூங்கணும். பொய்த்தடம் பதிஞ்சவங்களை உறக்க இல்லத்துல வச்சு உண்மையான தடம் எடுக்கணும்னு சட்டம். ஏழு உறக்கம். இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

"அப்ப பழைய தடம்?"

அருட்செல்வி மருத்துவரைப் பார்த்தார். சபீனா சற்றுத் தயங்கினார். "புதுசு அதுமேலதான் பதியும். ஒவ்வொரு உறக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா. ஏழாவதுல பழசு இருக்காது. ஒலிப்பதிவும் தடத்தோட சேர்ந்ததுதான்."

"வேற ஒண்ணு குடுங்க. எனக்குன்னு புதுசா ஒண்ணு."

"நல்ல கருவி கையில இருக்கும்போது ஒருத்தருக்கு ரெண்டு குடுக்க விதி இல்லை," என்றார் அருட்செல்வி. அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை.

உறக்க இல்லம் அதே கட்டடத்தின் பின்பக்கம். அறையில் ஒரு கட்டில், ஒரு விளக்கு. பணியாளர் தேவசகாயம் மூடியை அவர் மூக்கின்மேல் வைத்து வாரை இழுத்துக் கட்டினார்.

"மொதல்ல பழைய தடத்துலதான் காத்து விடும், அண்ணாச்சி. அவங்க இழுத்த மாதிரி, அவங்க நிறுத்துன மாதிரி. நீங்க தூங்கத் தூங்க ஒங்க வழிக்கு வந்துரும்."

"தூங்காம இருந்தா?"

"எத்தனை நாளைக்கு?" என்றார் தேவசகாயம். "தூங்குறவரைக்கும் இங்கதான் இருக்கணும்."

காற்று வந்தது. கிணற்றுக்குள் அமுங்கப்போகிறோம் என்று லிங்கத்துரை காத்திருந்தார். அமுங்கவில்லை. நீளமாக உள்ளே போனது. சிறிது நின்றது. அந்த நிறுத்தம் அவருக்குத் தெரிந்த நிறுத்தம். உள்ளறையிலிருந்து மூன்று வருடம் கேட்டது. இப்போது அவர் நெஞ்சு அதற்கேற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விசில் மட்டும் இல்லை. அவர் மூக்கில் அது வராது.

தூங்கக் கூடாது என்று முடிவு செய்தார். இரவு ஓட்டுநருக்கு அதற்கு வழிகள் தெரியும். கன்னத்தை உள்ளிருந்து கடித்தார். துறைமுகத்திலிருந்து புறவழிச்சாலை வரை உள்ள வேகத்தடைகளை ஒவ்வொன்றாக நினைத்தார். நான்காவது தடையில் கண் சொருகியது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தொண்டை திறந்திருந்தது. அவள் மூன்று வருடமாக அவருக்குச் சேர்த்து வைத்த தூக்கம் எல்லாம் வாசலில் நிற்பதுபோல இருந்தது.

"நல்லாத் தூக்கம் வரும் அண்ணாச்சி," என்றார் தேவசகாயம். "மொத நாளு எல்லாரும் அசந்துருவாங்க."

விளக்கை அணைத்துவிட்டு அவர் வெளியே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் பூட்டு விழுந்தது.