ஆள் உயர வளையம்

கஸ்பார் கடைக்கார மக்ரேவுக்குத் தரவேண்டியது, ஆற்றில் அணைகட்டி வாழும் பீவரின் தோல் நாற்பத்தொன்று. அந்தக் காட்டில் தோல்தான் பணம். பனி உருகுவதற்குள் அடைக்காவிட்டால் அடுத்த குளிருக்கு மாவு கிடையாது, துப்பாக்கி மருந்து கிடையாது. பிள்ளைகள் பட்டினிதான்.

அவனோடு பொறி வைக்க வந்த நோர்பேர், தங்கை ஜோசெத்தின் புருஷன், ஆறு உறையத் தொடங்கியபோது காலடிப் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. தங்கையிடம் செய்தியைச் சொல்லிவிட்டு, கஸ்பார் தனியாக ஆற்றங்கரைக் குடிசைக்குத் திரும்பினான்.

அவன் பொறிகள் எல்லாம் காலி. நோர்பேரின் பொறிகளில் மட்டும் பீவர் விழுந்துகொண்டே இருந்தது.

பசித்தவன் அடுத்தவன் பொறியில் விழுந்ததைத் தின்னலாம். தோலை மட்டும் உரியவனுக்காக மரத்தில் மாட்டிவிட வேண்டும். உரியவன் செத்துப்போனால் அவன் பெண்டாட்டிக்கு. காட்டில் அதை மீறியவன் இல்லை.

கஸ்பார் ஒன்றைக்கூட மாட்டவில்லை. எல்லாவற்றையும் வில்லோ மரக் குச்சியை வளைத்துக் கட்டிய வளையங்களில் காய்வதற்காக இழுத்துத் தைத்து, குடிசைச் சுவரில் சாய்த்து வைத்தான். நாற்பது சேர்ந்தது.

அன்று பிடித்த பனிப்புயலில் மதியமே இருட்டிவிட்டது. பனி கதவை வெளியிலிருந்து அடைத்துக்கொண்டது. அடுப்புப் புகையை மீறி ஆற்றுச் சேற்றின் வாடை எழுந்தது.

தரைக்குக் கீழே யாரோ தட்டினார்கள். பனிக்கட்டிக்கு அடியிலிருந்து தட்டுவதுபோல.

பிறகு சுவரோரம் சொட்டுச் சத்தம்.

"இன்னுமா உன் பொறில ஒண்ணும் விழல, மச்சான்? உன் மூஞ்சியப் பாத்தா பீவரே ஓடிடும்னு அப்பவே சொன்னேனே."

நோர்பேரின் அதே கிண்டல். தொண்டையில் மட்டும் தண்ணீர் களகளத்தது.

கஸ்பார் கதவில் தோளை மோதினான். அசையவில்லை.

"எல்லாத்தையும் ஜோசெத்துக்கே குடுத்துடறேன்டா. சத்தியமா!"

"அத நானே குடுத்துக்கறேன். உன் கடனுக்கு என்ன பண்ணுவ?"

கஸ்பார் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

தோல்களுக்கு நடுவே புதிதாக ஒரு வளையம் நின்றது. ஈரமாக. வெறுமையாக.

ஆள் உயரம்.

பனி உருகியதும் ஜோசெத் மக்ரேவின் கடைக்கு வந்தாள். அதற்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் அவள் வேலியில் நாற்பது தோல் தொங்கியிருந்தது. கொண்டுவந்தவனைக் காணவில்லை, அண்ணனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணன் கணக்குல கழிச்சுக்கங்க ஐயா. பாக்கிக்கு நான் பொறுப்பு. அவரு புள்ளைங்களுக்கு மாவு மட்டும் நிறுத்திடாதீங்க."

மக்ரே தலையைத் தூக்கவில்லை.

"உன் தோல நீயே வச்சுக்கம்மா. அவன் கடன் தீந்துபோச்சு."

"யாரு கட்டினா?"

அவர் மாவு மூட்டையை அவள் பக்கம் தள்ளினார். அவருக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பி, கம்பளிப் போர்வையால் மூடி வைத்திருந்த ஆள் உயரமான ஏதோ ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அடுப்புக்கு அருகில் வைத்துப் பத்து நாளாகியும் அது காயவில்லை.