ஊசிக்கணவாயில் ஒரு சண்டை

காலை ஆறு மணிக்குச் சிறகு கட்டிக்கொண்டு பால் வாங்கப் பறந்த முத்துமாலை, எட்டேகால் வரை வீடு திரும்பவில்லை. பால் டிப்போ எண்ணூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. மூட்டுவலிக்காரர்கள்கூட அதை ஐந்து நிமிடத்தில் பறந்துவிடுவார்கள்.

டைட்டனில் பறப்பது பெரிய வித்தை இல்லை. சனிக் கோளைச் சுற்றும் அந்த நிலவில் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ பூமிக் காற்றைவிட நான்கு மடங்கு கெட்டி. குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம், பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எண்பது டிகிரி. அதற்காக மின்சாரத்தில் சூடாகும் சிறகாடையை மாட்டி, மூக்கில் பிராணவாயுக் கவசம் வைத்து, இரண்டு கையையும் ஆட்டினால் யாரும் பறக்கலாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் விண்கலம் ஏறி வந்தவர்களின் ஊரான புதுக்கரையில், நாலாயிரம் பேரும் நடப்பதை உடற்பயிற்சிக்காக மட்டுமே செய்தார்கள்.

முத்துமாலை வந்ததும் பால் பையை மேசைமேல் வைத்தான். அவன் மனைவி பூங்கோதை ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். மீத்தேன் குழாயைத் துப்புரவு செய்யும் ரோபோ ஒன்று பள்ளத்தில் தலைகீழாக விழுந்துவிட்டதாம். இருநூறு பேர் வானத்தில் வட்டமாக நின்று பார்த்தார்களாம்.

"தூக்கியாச்சா?" என்றாள் பூங்கோதை.

"இன்னும் இல்ல. பாலைக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றவன் மறுபடி பறந்துவிட்டான்.

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. பூங்கோதை புதுக்கரை நிலநல ஆய்வகத்தின் தலைவி. ஊருக்கு வடக்கே உள்ள ஏரியில் எவ்வளவு மீத்தேன் மிச்சம் இருக்கிறது, தொட்டிகளில் வளரும் பாசித் தோட்டம் நலமாக இருக்கிறதா, நிலத்தடியில் என்ன குமுறல் என்று மூன்றையும் அளந்து சொல்வது அவள் வேலை. முந்தைய நாள், பனிக்கட்டித் தரையில் புதைத்து வைத்திருந்த நிலநாடிக் கருவிகள் எல்லாம் ஒரே குரலில் ஒரு சேதி சொல்லியிருந்தன. வடகரையில் இருக்கும் பனியெரிமலை வியாழக்கிழமை மாலை நான்கு மணி சுமாருக்கு வெடிக்கப் போகிறது.

பனியெரிமலையில் நெருப்புக் குழம்பு வராது. அம்மோனியா கலந்த நீர்க்கூழ்தான் வரும். நமக்கு அது உறைபனி. ஆனால் அதைவிட மிகக் குளிர்ந்த மீத்தேன் ஏரிக்கு அது கொதிக்கிற சரக்கு. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல ஏரியே வெடித்துச் சிதறும். வடகரையில் நிற்கிற எவரும் பிழைக்க முடியாது.

நல்ல வேளையாக வடகரையில் எவரும் நிற்பதில்லை. அங்கே வீடு இல்லை, கடை இல்லை. ஊர் இருப்பது தென்பக்கம், நடுவில் ஊசிக்கணவாய் என்ற பனிமலை இடுக்கு. அவரவர் வீட்டில் சும்மா இருந்தால் போதும், ஒருவருக்கும் ஒரு கீறல் விழாது.

சும்மா இருப்பார்களா என்பதுதான் கேள்வி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஏரியில் ஆறு மீட்டர் அலை வரும், யாரும் கரைக்குப் போகாதீர்கள் என்று அவள் அறிவித்திருந்தாள். அறிவிப்புக்கு முன் கரையில் இருந்தவர்கள் பதினொரு பேர். அறிவிப்புக்குப் பின் மூவாயிரத்து இருநூறு பேர், கூடவே இரண்டு பஜ்ஜிக் கடை. கடைசி நேரத்தில் அலை ஒரு மணல்திட்டில் மோதி முழங்கால் உயரமாக வடிந்துவிட்டது. உயிர் பிழைத்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்றுதான் சொன்னார்கள்.

அன்று முன்வரிசையில் நின்றவன் முத்துமாலை. ஆகவே எந்த மணல்திட்டும் இல்லாத இந்த வியாழக்கிழமையை நினைக்க நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. புருஷன் கெட்டவனில்லை. நாலு பேர் நின்று பார்க்கும் இடத்தில் ஐந்தாவதாக நிற்காமல் அவனால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் அவளுக்கு இருந்த ஒரே துணை ஆறுமுகம் என்ற ரோபோ. ஆறு பக்கமும் கேமரா வைத்த அதற்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ரொம்ப யோசித்ததாகத் தெரியவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்று அவள் அதனிடம் கேட்டாள். அபாயம் தெரிந்தும் அறிவிக்காமல் இருப்பது சட்டப்படி குற்றம் என்றது ஆறுமுகம். எந்த இடம் என்று சரியாகச் சொல்ல வேண்டும் எனச் சட்டத்தில் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டாள். ஆறுமுகம் சட்டத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்படி ஒரு யோசனை இதுவரை யாருக்கும் வரவில்லை, அம்மா" என்றது.

அன்று மாலையே அறிவிப்பு வெளியானது. வியாழன் நான்கு மணிக்குத் தெற்குத் திட்டில் பனியெரிமலை வெடிக்கும் வாய்ப்பு உண்டு, பொதுமக்கள் கண்டிப்பாக அந்தப் பக்கம் போகக் கூடாது. தெற்குத் திட்டு என்பது டைட்டன் தோன்றிய நாளிலிருந்து அசையாத பாறை. அதைவிடப் பத்திரமான இடம் அந்த நிலவிலேயே கிடையாது.

வியாழன் பகல் இரண்டு மணிக்கு ஊர் காலி. ஊராட்சித் தலைவர் கோயில்பிள்ளை முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டார். பால் டிப்போ செல்லத்தாயி டிப்போவை அடைத்துவிட்டு முறுக்கு டப்பாவோடு போனாள். முத்துமாலை விடிந்ததுமே இடம் பிடித்திருந்தான். நாலாயிரம் பேர் ஒரு சாதுப் பாறையை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் பூங்கோதைக்குச் சிலை வைத்திருக்கலாம். மூன்று மணிக்கு அவளுக்கு ஓர் ஆசை வந்தது. பனியெரிமலை பற்றி இருபத்திரண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியவள், ஒன்றுகூட வெடிப்பதைப் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்து நேரடி அளவீடு எடுக்க வேண்டும் என்று ஆறுமுகத்திடம் சொன்னாள். கருவிகள் அங்கேயே இருக்கின்றனவே என்றது ஆறுமுகம். அவள் மடக்கு நாற்காலியையும் காப்பி பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு, ஆறுமுகத்தையும் கூட்டிக்கொண்டாள். சரியாக நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்பிவிடலாம் என்று தனக்குத் தானே கணக்குச் சொன்னாள். அலையைப் பார்க்கப் போன மூவாயிரத்து இருநூறு பேரும் அதே கணக்கைத்தான் சொல்லியிருந்தார்கள்.

மூன்று முப்பத்தைந்துக்கு வடகரையில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். மலை உச்சியில் வெள்ளையாக ஆவி கிளம்பியிருந்தது. ரொம்ப அழகாக இருந்தது. ஒரு மிடறு காப்பி குடிப்பதற்குள் காதில் மாட்டியிருந்த பொது அலைவரிசை இரைந்தது. அபாயத்துக்கென்று எல்லோர் காதிலும் திறந்திருக்கும் அந்த அலைவரிசையில், ஊரே ஒரே நேரத்தில் பேசியது.

விஷயம் இதுதான். தெற்குத் திட்டில் உட்கார்ந்திருந்த முத்துமாலை தற்செயலாகத் திரும்பியபோது, தன் மனைவி மடக்கு நாற்காலியோடு வடக்கே பறப்பதைப் பார்த்துவிட்டான். வேலைக்குப் போகிறவள் நாற்காலி கொண்டு போக மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அதைத் தலைவரிடம் மட்டும் சொன்னான். தலைவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. நாலாயிரம் பேரும் சிறகை விரித்து வடகரை நோக்கிப் பறந்தார்கள்.

பூங்கோதை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். திரும்பிப் போங்கள் என்று அலைவரிசையில் கத்தினாள். அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அலைவரிசை முழுக்க ஒரு சண்டை நிறைந்திருந்தது. நாற்காலியையும் பிளாஸ்க்கையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஆறுமுகத்தோடு கணவாய்க்குப் பறந்தாள்.

ஊசிக்கணவாயில் ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் நுழைய முடியும். மூன்று நாற்பதுக்கு இரண்டு பேர் நுழைந்தார்கள், கோயில்பிள்ளையும் செல்லத்தாயியும். தலைவரின் இடது சிறகு செல்லத்தாயியின் வலது சிறகில் உரசி, முறுக்கு டப்பா சிதறியது. கண் தெரியவில்லையா என்று அவள் கேட்டாள். வழியில் முறுக்கு தின்கிறவளுக்கு வானத்தில் என்ன வேலை என்று அவர் கேட்டார். பின்னால் வந்த நாலாயிரம் பேரும் பறப்பதை நிறுத்தி, என்ன விவகாரம் என்று எட்டிப் பார்த்தார்கள். கணவாயின் தென்பக்கம், மலை மறைப்பில், ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றது அந்தக் கூட்டம். ஒருவர்கூட ஓர் அங்குலம் வடக்கே நகரவில்லை.

கணவாயின் மறுமுனையிலிருந்து இதைப் பார்த்த பூங்கோதைக்கு மூச்சு வந்தது. மணியைப் பார்த்தாள். மூன்று நாற்பத்தாறு. சண்டை இன்னும் கால் மணி நேரம் நீடித்தால் போதும்.

ஆனால் கோயில்பிள்ளை எட்டு தேர்தல் ஜெயித்தவர். அவருக்குச் சமாதானம் கைவந்த கலை. கையைக் கூப்பி, "சரி தாயி, எம் மேலதான் தப்பு. உனக்கு ஒரு டப்பா முறுக்கு சுட்டுத் தரச் சொல்லுதேன்" என்றார். செல்லத்தாயியின் முகம் இளகியது. கூட்டத்தில் ஒருவன், அப்புறம் என்ன, வடக்கே போவோம் வாங்க என்றான். அந்தக் குரல் முத்துமாலையுடையது.

பூங்கோதை வாழ்நாளில் ஒருவரையும் மூட்டி விட்டதில்லை. அன்று கணவாய்க்குள் நுழைந்து, இருவருக்கும் நடுவில் நின்று, நிதானமாகச் சொன்னாள்.

"யக்கா, தலைவர் மக கல்யாணத்துல உங்க பந்திக்கு மட்டும் பாயசம் வைக்கலியாமே. அது தெரிஞ்சுதான் வைக்கலன்னு அன்னைக்கே பேசிக்கிட்டாவ."

பதினொரு வருடத்துக்கு முந்தைய கல்யாணம். செல்லத்தாயி தலைவரின் கூப்பிய கையைத் தட்டிவிட்டாள். பாயசம் மட்டுமா என்று தொடங்கி, தாம்பூலப் பையில் தேங்காய் அழுகியிருந்தது வரைக்கும் போனாள். தலைவர் வீட்டு ஆட்கள் பதில் சொன்னார்கள். டிப்போ ஆட்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். கூட்டம் இன்னும் நெருங்கி வந்து வசதியாக நின்றுகொண்டது.

மணி மூன்று ஐம்பத்து மூன்று. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது கோயில்பிள்ளை பூங்கோதையின் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன இதுல பேசுதே? ஆறு மீட்டர் அலைன்னு சொல்லி ஊரையே கரையில நிக்க வச்சவதானே. வந்தது முழங்கால் உயரம்."

பூங்கோதை எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள். அந்த முழங்கால் உயரத்தை மட்டும் மூன்று வருடமாக அவளால் பொறுக்க முடியவில்லை. கைக்கணினியைத் திறந்து அலை வரைபடத்தை வானத்தில் விரித்தாள். மணல்திட்டுக்கு முன்னால் அலை என்ன உயரம், பின்னால் என்ன உயரம் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நான்காம் வகுப்பு படித்தவனுக்குக்கூடப் புரியுமே, உங்களுக்குப் புரியவில்லையா என்று தலைவரைக் கேட்டாள். மணி எத்தனை என்பது அவளுக்கு அடியோடு மறந்துவிட்டது. முத்துமாலை எப்படியோ நெருக்கியடித்து முன்வரிசைக்கு வந்து, தன் மனைவி சண்டை போடுவதை வாய் பிளந்து பார்த்தான்.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்குப் பனியெரிமலை வெடித்தது. ஏரி இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தது. வீட்டளவு பெரிய பனிப்பாளங்கள் வடகரை முழுக்க விழுந்தன. மடக்கு நாற்காலி இருந்த இடத்தில் ஆழமான பள்ளம் ஒன்று உண்டானது. டைட்டனில் மனிதன் கால் வைத்த பிறகு நடந்த ஆகப் பெரிய நிகழ்ச்சி அது. மலைக்கு இந்தப் பக்கம் தரை அதிர்ந்தபோது கூட்டத்தில் ஒருவர் என்ன சத்தம் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "ஒண்ணுமில்ல, அங்க பாரும். கோதை இப்ப பதில் சொல்லப் போறா" என்றார்.

எல்லாம் அடங்கிய பிறகுதான் பூங்கோதைக்கு நினைவு வந்தது. வடகரைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் மிச்சமில்லை. நிலநாடிகளும் போய்விட்டன. முத்துமாலையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் உயிரோடு இருந்தான். அழுது முடித்ததும் விஞ்ஞானி விழித்துக்கொண்டாள். வெடிப்பு பதிவாகியிருக்கிறதா என்று ஆறுமுகத்தைக் கேட்டாள்.

"இல்லை, அம்மா" என்றது ஆறுமுகம். "ஆறு முகமும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது எல்லாக் கோணத்திலும் மிகத் தெளிவாக வந்திருக்கிறது."

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. வெடித்ததைக் காட்டாமல் ஏமாற்றியதற்கு விளக்கம் கேட்டு ஊராட்சித் தீர்மானம் போட்டது. அவள் பூமியில் இருந்த தலைமை ஆய்வகத்துக்கு உள்ளது உள்ளபடி அறிக்கை அனுப்பினாள். எச்சரிக்கை பயன் தருவதில்லை, பத்திரமான இடத்தில் ஒரு சண்டை நடந்தால் மக்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனவே இனி வரும் அபாயங்களுக்காக, ஒன்றோடொன்று நன்றாகச் சண்டை போடத் தெரிந்த இரண்டு ரோபோக்கள் தேவை. கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். இந்த உபாயம் பூமியிலும் உதவுமா என்று பரிசோதித்துப் பார்க்கலாம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதை முத்துமாலைக்குப் படித்துக் காட்டினாள்.

"தாங்கள் கேட்ட ரோபோக்கள் அனுப்பப்படும். பரிசோதனை இங்கே தேவைப்படவில்லை. நூறு வருடத்துக்கும் மேலாகக் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, காடு எரிந்துகொண்டிருக்கிறது, நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் வாரம் தவறாமல் அறிக்கை தருகிறோம். எங்கள் மக்கள் அவ்வளவு காலமாகவும் வேறொரு சண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் ஊருக்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம், நாங்கள் நிற்பது வடகரையில்."

பூங்கோதை கடிதத்தை மடித்தாள். தட்டை நகர்த்தி வைத்தாள். முத்துமாலையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தான். அவன் முகத்தில் அவ்வளவு அக்கறையை அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை.

"ஏ கோதை" என்றான் மெதுவாக. "யாருக்கும் யாருக்குமாம் சண்டை?"