வலப்பக்கக் கட்டம்

“பின்னால வரப்போற பிள்ளைங்களுக்கு என்னைத் தெரியுமா, மிஸ்?”

இசக்கிப்பிரியா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அவளுடைய மணிக்கட்டில், சுற்றிலும் பேசுவதைக் கேட்டுப் பதியும் சாம்பல் நிறச் செவிக்காப்பைப் பூட்டிவிட்டு, இதெல்லாம் பின்னால் வரப்போகும் பிள்ளைகளுக்காக என்று ஹெப்சிபா சொல்லியிருந்தாள். அதற்குத்தான் அந்தக் கேள்வி. ஹெப்சிபா காப்பின் பூட்டை இன்னொரு முறை சரிபார்த்தாள். இது நடந்து ஏழு வருடம் ஆகிறது.

காலை எட்டு மணிக்கு இசக்கி பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு வந்தால், ஒரு சிறு அமைதி அவளோடு கூடவே வரும். அந்தக் காலத்தில் கடைப் பலகைகளும் பேருந்துப் பலகைகளும் தங்களைத் தாங்களே வாசித்துச் சொல்லும். சாம்பல் காப்பு அருகில் வந்ததும் அவை வாயை மூடிக்கொள்ளும். உரக்கச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும் பெரியவர் காப்பைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். இசக்கி தன் பேருந்தை அதன் பின்பக்கத்து நசுங்கலை வைத்து அடையாளம் கண்டு ஏறுவாள். ஒருமுறை நசுங்கலைத் தட்டிச் சரிசெய்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் வள்ளியூர் வரை போய்த் திரும்பி வந்தாள்.

எல்லாரும் அன்பானவர்கள்தான். அன்பினால்தான் பேசாமல் இருந்தார்கள்.

கற்றல் ஆய்வு நிலையத்தின் ஏற்பாடு அப்படி. எழுத்துகள் கண்முன் நகர்ந்து குழம்பும் டிஸ்லெக்ஸியா பிள்ளைகளை ஏழு வயதில் சீட்டுக் குலுக்கி இரண்டு அணிகளாகப் பிரிப்பார்கள். ஓர் அணிக்கு ‘வாசிப்புப் பாலம்’ கிடைக்கும். நியூரோ பிரிட்ஜ் என்று டாக்டர்கள் சொல்லும் அந்தப் பட்டையைக் காதோரம் ஆறு மாதம் அணிந்தால் எழுத்துகள் அசையாமல் நிற்கும். இன்னோர் அணி ஒப்பீட்டு அணி. அதற்கு ஒன்றும் கிடையாது. பாலம் எவ்வளவு உதவுகிறது என்பதை உதவியே பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும். ஒப்பீட்டுப் பிள்ளைக்கு யாராவது ஒரு வரி வாசித்துக் காட்டினாலும் அது ‘கலப்பு’. செவிக்காப்பு அதைக் கேட்டுப் பதிந்துவிடும். கலப்பு ஏற்பட்ட பிள்ளையை ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். இருபத்தைந்து வயது வரை பாலமும் கிடையாது.

ஆகவே, அவளை மிகவும் நேசித்தவர்களே மிகவும் மௌனமாக இருந்தார்கள். இசக்கியின் அம்மா ஏழு வருடமாக மகளுக்கு ஒரு மருந்துச் சீட்டைக்கூட வாசித்துக் காட்டியதில்லை. பதினான்கு வயதில் எல்லாருக்கும் பாலம் உண்டு என்று நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நாட்களைத் தள்ளினாள்.

ஹெப்சிபா நிலையத்தின் அளவையாளர். வாரத்துக்கு ஒருமுறை ஒப்பீட்டு அணியின் நாற்பது பிள்ளைகளையும் தனித்தனியே உட்காரவைத்து, ஒரு பத்தியைக் கொடுத்து, எத்தனை சொற்களை வாசிக்கிறார்கள் என்று குறிப்பாள். உதவக் கூடாது. தலையசைக்கவும் கூடாது. காலை ஜெபத்தில் நாற்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

பதினான்கு வயது நிறைவதற்கு முந்தின வாரம் இசக்கி அளவையை முடித்துவிட்டு எழுந்து போகாமல் நின்றாள். வடிவியல் பெட்டியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“கிளாஸ்ல இந்தச் சீட்டு சுத்துச்சு மிஸ். படிச்சவளுக எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாளுக. அதுலேர்ந்து நான் அவளுக கூட உக்காரதே இல்ல. வாசிக்க வேண்டாம். நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லுங்க.”

ஹெப்சிபா பார்த்தாள். கோணலான எழுத்தில், ‘இசக்கி சிரிச்சா எங்க எல்லாருக்கும் சிரிப்பு வரும். அவ நம்ம பெஞ்சுக்கு வரணும்’ என்று இருந்தது. கீழே ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நல்லது என்ற ஒரே சொல்லுக்கு ஏழு வருடக் காத்திருப்பும் போய்விடும். ஹெப்சிபா காப்பைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

“உங்க மூஞ்சியும் வாயப் பொத்திக்கிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டு இசக்கி காகிதத்தை மடித்தாள். “இன்னும் ஒரு வாரந்தான. நானே பாத்துக்கிடுதேன்.”

இரண்டு நாள் கழித்து நிலையத் தலைவர் டாக்டர் அருமைநாயகம் ஹெப்சிபாவை அழைத்து, நாற்பது தாள்கள் கொண்ட கட்டு ஒன்றைக் கொடுத்தார். முடிவுகள் இன்னும் உறுதிப்படவில்லை, ஒப்பீட்டுக் காலத்தைப் பதினெட்டு வயது வரை நீட்டிக்கிறோம் என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. கூட்டங்களில் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக் கண் கலங்குகிறவர்தான்.

ஹெப்சிபா தாளை வாசித்தாள். மேலே நிலையத்தின் முத்திரையான பனைமரம். நடுவில் இருபது வரிகள். பதினேழாவது வரி: ‘விரும்பினால் இப்போதே விலகலாம். விலகும் பிள்ளைக்குப் பாலம் அன்றே வழங்கப்படும்.’ அடியில் இரண்டு கட்டங்கள். வலப்பக்கம் தொடர்வதற்கு, இடப்பக்கம் விலகுவதற்கு. பதினான்கு வயதுப் பிள்ளையின் பெருவிரல் பதிந்துவிட்டால் யாராலும் மாற்ற முடியாது. பெற்றோருக்குத் தாளைக் காட்டக் கூடாது, அது பிள்ளையின் தனி உரிமை. அளவையாளர் உரக்கச் சொல்ல அனுமதிக்கப்பட்டது ஒரே வாக்கியம்: வலப்பக்கக் கட்டத்தில் பெருவிரலை வைக்கவும்.

விலகலாம் என்பது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்று ஹெப்சிபா கேட்டாள்.

“எழுதித்தானே இருக்கு, ஹெப்சி. மறைச்சா வச்சிருக்கோம்?”

“வாசிக்க முடியாத பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தா, அது சொன்னதா ஆகுமா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசித்துச் சொன்னால் கலப்பு என்றார். விலகும் உரிமையைச் சொல்லச் சொல்லி ஆய்வின் அறக்குழு கேட்டது, எழுதியாயிற்று, அவர்களுக்கு அது போதும் என்றார். “வெளிய போய்ச் சொல்லப் போறீங்களா? நாப்பது பேருமே கலப்புன்னு ஆயிரும். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஒருத்தருக்கும் பாலம் இல்ல. என் தம்பி சாகுற வரைக்கும் ஒரு ரயில் பலகைய வாசிச்சதில்லம்மா. இனிமே அப்படி ஒருத்தன் இருக்கக் கூடாதுன்னா, யாராவது காத்திருக்கத்தான் வேணும்.”

அவள் தாள்கட்டை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போகிறவளைக் கூப்பிட்டு அவர் சிரித்தபடி சொன்னார்:

“தாளை மட்டும் நேரா வைங்க. பரமசிவம்னு ஒருத்தர் இருந்தாரு, இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி. தாளைத் தலைகீழா வச்சிட்டு, வலப்பக்கம் வை, வலப்பக்கம் வைன்னு சொல்லியிருக்காரு. நாங்க பாக்குறதுக்குள்ள ஒம்பது பிள்ளைங்க விலகிப் போச்சு. கண்ணு அவிஞ்ச மனுசன்னு வீட்டுக்கு அனுப்பினோம். ஒண்ணுன்னா கண்ணாடிய மாத்துங்கம்பேன். ஒம்பது.”

ஹெப்சிபா வராந்தாவில் நின்றுவிட்டாள்.

அவளும் ஒரு காலத்தில் சாம்பல் காப்பு அணிந்தவள். பதிவேட்டில் பிள்ளைகள் வெறும் எண்கள் என்பதால் நிலையத்தில் அது யாருக்கும் தெரியாது. பதினான்கு வயதில் அவளுக்குப் பாலம் கிடைத்தது, கூடப் படித்த பலருக்குக் கிடைக்கவில்லை. அதைத் தன் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று நம்பி நன்றி சொல்லி வந்தாள். அன்றைய மேசை இப்போது நினைவுக்கு வந்தது. எதிரே வேர்த்து வழிந்த ஒரு மெலிந்த மனிதர். தாளின் அடியில், அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு பனைமரம் தலைகீழாக நின்றது. பாவம், தாளைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வந்து அவரைப் போல நடித்துக் காட்டிச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

ஜெபத்துக்குப் பதில் வந்தது உண்மைதான். யாருடைய கை வழியாக வந்தது என்றுதான் அவள் விசாரிக்கவே இல்லை. பிற்பாடு ஊழியர் ஒருவரிடம் பரமசிவத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம் இருக்கும் என்றார்.

திங்கட்கிழமை காலை, கதவு மூடிய சிறிய அறை. பிள்ளைகளைப் படம்பிடிக்கச் சட்டம் இடம் தராததால் அங்கே கேமரா இல்லை. காப்பின் காது மட்டும் உண்டு. இசக்கியை அழைப்பதற்கு முன் ஹெப்சிபா தாளைப் பிள்ளையின் பக்கம் நேராக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அதைத் தலைகீழாகச் சுற்றினாள். விலகும் கட்டம் பிள்ளையின் வலப்பக்கம் வந்தது. தாள் மேசையில் உரசிய சத்தம் அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

இசக்கி வந்து உட்கார்ந்தாள். வடிவியல் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். தாளைப் பார்த்தாள், முகத்தைச் சாய்த்தாள்.

“மிஸ், மரம்...”

நிறுத்திவிட்டாள். ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருடமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்த முகம். அதன் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

“வலப்பக்கக் கட்டத்தில் பெருவிரலை வைக்கவும்” என்றாள் ஹெப்சிபா.

இசக்கி இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பேருந்தின் நசுங்கலைத் தேடுகிறவளைப் போலப் பார்த்தாள். பிறகு பெருவிரலை வலப்பக்கம் வைத்து, நன்றாக அழுத்தினாள். காப்பு ஒரு மெல்லிய ஓசையோடு தானே திறந்து மேசைமேல் விழுந்தது.

அவள் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அங்கே தோல் வெளுத்திருந்தது. பாலம் பொருத்தும் அறை இடது பக்கம் மூன்றாவது என்று ஹெப்சிபா சைகை காட்டினாள். இசக்கி நடந்துதான் போனாள். வராந்தாவின் பாதியில் ஓடும் சத்தம் கேட்டது.

ஹெப்சிபா தாளைக் கோப்பில் வைத்து, காரணம் என்ற இடத்தில் ‘அளவையாளரின் கவனக்குறைவு’ என்று எழுதினாள். இன்றைக்குள் நிலையத்துக்குத் தெரிந்துவிடும். எத்தனை பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் என்று தெரியாது.

அறையில் யாரும் இல்லை. கழன்று கிடந்த காப்பு இனிக் கேட்காது. “பரமசிவம் சார்” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அடுத்த தாளை எடுத்து, பனைமரம் தலைகீழாக நிற்கும்படி மேசைமேல் வைத்தாள்.