குழாயில் தங்கிய காற்று

இந்நேரம் குமிழி நின்றிருக்க வேண்டும்.

கையூம் பாட்டிலை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தான். எண்ணெய் வேலைக்கென்றே அவன் வைத்திருந்த குளுக்கோஸ் பாட்டில், அதற்குள் ஒரு குளுக்கோஸ் டியூப். டியூபின் மறுமுனை படகின் எஞ்சினை இடமும் வலமும் தள்ளுகிற சிலிண்டரில், காற்றை வெளியே விடுகிற நிப்பிளின் மேல் செருகியிருந்தது. வெளிர் சிவப்பு எண்ணெய் மெதுவாக இறங்கியது. அதோடு குமிழிகளும். ஒன்று. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் போல ஒரே சீராக.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஜாக்கி, பிரஸ் ரிப்பேர் பார்க்கிற பட்டறை அது. படகு வந்தது இதுதான் முதல் தடவை. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற எதையும் கையூம் சரிசெய்துவிடுவான் என்று யாரோ சொல்ல, அணையிலிருந்து டிரெய்லரில் இழுத்து வந்துவிட்டார்கள். வேலை பெரிதில்லை. முன்னால் ஒருவன் எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஸ்டியரிங் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பின்னால் ஒருவன் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றி, குமிழி நின்றதும் மூட வேண்டும். துளி காற்று தங்கினாலும் சக்கரம் வெறுமனே சுற்றும். படகு தன் இஷ்டத்துக்குப் போகும்.

போன ஐப்பசியில் இந்தப் படகு அப்படித்தான் போனது. மதகுப் பக்கம் கவிழ்ந்து கிடந்ததைத் தூக்கினார்கள். ஓட்டிப்போன சின்னான் மட்டும் கிடைக்கவில்லை.

சின்னானின் வேலைக்கு வந்தவன் காளிச்சாமி. படகின் முன்னறையில் சக்கரத்தைப் பிடிக்க ஏறியதும் அவன்தான். வந்ததிலிருந்து பேச்செல்லாம் குத்தல்.

"நாளைக்கு மொத ஓட்டத்துக்கு நீங்களும் வரோணுமுங்க பாய். நிப்பிளை மூடுனவன் படகுல உக்காரோணும். எங்க அணையில அதுதான் வழக்கம்."

"நானெதுக்குங்க?"

"நீச்சல் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்பச் செரியாப் பண்ணிப்போடுவீங்க" என்று சிரித்தான்.

நாளைய ஓட்டம் கையூமின் கண்முன் வந்தது. கரை தெரியாத தண்ணீர், தன்பாட்டுக்குச் சுற்றும் சக்கரம், காலுக்கடியில் ஒன்றுமில்லாத ஆழம். ஒரு குமிழியைக்கூட உள்ளே விட்டுவைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தான். அதனால்தான் மழை பிடித்துக் கரண்டு போன பிறகும், மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

படகின் பின்பக்கம், காலிப் பெட்டியொன்றில் உட்கார்ந்திருந்தான். எஞ்சினுக்கும் பின்பலகைக்கும் நடுவில் வலக்கையை மணிக்கட்டு வரை நுழைத்தால்தான் ஸ்பேனர் நிப்பிளை எட்டும். முன்னறை அங்கிருந்து தெரியாது. குரல் மட்டும் வரும்.

"திருப்புங்க."

"திருப்பிப்போட்டேனுங்க."

நிப்பிளை மூடுவான், திறப்பான். தகரக் கூரையில் மழை தானியம் கொட்டுவது போல இரைந்துகொண்டிருந்தது. இரும்புத்தூள் வாசமும் கிரீஸ் வாசமும் எப்போதும் இருக்கிற அந்த ஷெட்டில் இப்போது வேறொரு வாசம், தண்ணீர் வற்றிய குட்டையின் அடிச்சேற்றை யாரோ கிளறிவிட்டது போல, டியூபின் வாய் வழியாக வந்து மூக்கில் ஒட்டியது. புழுக்கமாக இருந்தது. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையவில்லை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக்கொண்டான்.

"இன்னும் காத்து வருதுங்க. எண்ணெய் ஊத்துறீங்களா?"

"ஊத்துறேனுங்க."

ஆனால் எண்ணெய் டின்னை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டு வெகுநேரமாகியிருந்தது. விளக்கை உயர்த்திச் சுற்றிலும் பார்த்தான். முன்னறையில் இருக்க வேண்டிய டின் அவன் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது, மூடி போட்டபடி.

சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பட்டறை வாசலில் ஷட்டருக்கு அடியில் குனிந்து யாரோ உள்ளே வந்தார்கள். தலையில் கோணிச் சாக்கு, கையில் தூக்குப்போசி.

"டீ வாங்கியாந்தேனுங்க பாய். மழைல கடைக்காரனே பொறப்பட்டுட்டானுங்க, கெஞ்சி வாங்கிட்டு வாரேன்."

காளிச்சாமி.

கையூம் முன்னறைப் பக்கம் திரும்பினான்.

"நானு போறேன்னு கத்தினேனே, காதுல உழுகலீங்களா? தனியா யாருகூடப் பேசிட்டிருந்தீங்க?"

முன்னறையிலிருந்து குரல் வந்தது. பணிவான குரல். தொண்டையில் தண்ணீர் தேங்கினாற்போல.

"அடுத்து எந்தப் பக்கமுங்க?"

தூக்குப்போசி தரையில் விழுந்து உருண்டது. காளிச்சாமி ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி.

"சின்னாண்ணா" என்றான். "நானு உங்க எடத்துக்குத் தானா வரலீங்ணா. அனுப்பிச்சாங்க." பிறகு கையூமைக் காட்டிக் கையை நீட்டினான். "நிப்பிளு பாய் கையிலதான் இருக்குதுங்ணா. அவரக் கேட்டுக்கங்க."

குனிந்து வெளியே போனான். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பூட்டுகிற சத்தம்.

கையூம் கையை உருவினான்.

எஞ்சின் அசைந்தது. மெதுவாக. மணிக்கட்டைப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நசுக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கத்த வாயைத் திறந்தான். நெஞ்சிலிருந்து காற்று கிளம்பியது. ஆனால் சத்தம் வரவில்லை.

பாட்டிலில் ஒரு குமிழி வந்தது.

மறுபடி முயன்றான். குமிழி.

மூச்சை அடக்கினான். பாட்டில் அசையாமல் இருந்தது. சிவப்பாக, தெளிவாக. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. தாங்க முடியாமல் மூச்சை விட்டான். மூக்கில் ஒன்றும் வரவில்லை. டியூப் நடுங்கியது. மூன்று நான்கு குமிழிகள் சேர்ந்து வந்தன. இழுத்துப் பார்த்தான். இழுக்க ஒன்றுமில்லை. வாயெல்லாம் குட்டைச் சேறு.

நிப்பிளை மூட வேண்டும். ஸ்பேனர் விரலில்தான் இருந்தது. விரல் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சமிருக்குதுங்க" என்றது குரல். அவசரமே இல்லை. "துளி தங்குனாலும் ஆகாதுங்களே."

சக்கரம் சுற்றியது.

விலா எலும்புகள் உள்வாங்கின. குமிழிகள் சிறுத்தன. புளியங்கொட்டையளவு. உளுந்தளவு.

மிளகளவில் ஒன்று டியூபின் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. விடாமல். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னறையில் சக்கரம் நின்றது.

"இன்னுமொரு சுத்து சுத்தட்டுங்களா பாய்?"

பதில் சொல்ல அவனிடம் காற்று இல்லை. சற்றுநேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.