நூல் கட்டாத செடி

விளக்கு அணைந்த பிறகும் அந்தச் செடி குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

தையற்காரி மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள். இயந்திரம் நின்றது, அதன் எண்ணெய் வாசமும், கத்தரித்த புதுத்துணியின் கஞ்சி வாசமும், அவற்றுக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்த ஈரமணலின் வாசமும் மட்டும் அந்த முன்னறையில் மிஞ்சின. மீன்தொட்டியின் விளக்கு அந்தி சாய்ந்ததும் தானே அணைந்துவிடும். கலர் மீன் கடைக்காரர் அப்படித்தான் விசையைப் பொருத்திக் கொடுத்திருந்தார். ஒளி இருக்கும்வரை இலைகள் காற்றைக் குமிழியாக விடும், ஒளி போனால் நிறுத்திக்கொள்ளும் என்று கடைக்காரரும் சொன்னார், மாடியில் குடியிருக்கும் தங்கையும் சொன்னாள், மகளின் பாடப் புத்தகமும் சொன்னது. செடி மட்டும் அதைக் கேட்கவில்லை. இருண்ட நீருக்குள் ஓர் இலையின் அடியிலிருந்து ஒரு குமிழி பிரிந்தது, தயங்கியது, மேலே வந்து உடைந்தது. ஓர் இடைவெளி. பிறகு இன்னொன்று.

உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் இருமினாள். குமிழி நின்றது. இருமல் அடங்கியது. குமிழி எழுந்தது.

தற்செயல் என்று தையற்காரி எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணிக்கொள்ள அவளுக்குக் காரணம் இருந்தது. தொட்டி அழகாக இருந்தது. முதன்முறையாக, மாடியில் தங்கை வைத்திருந்த தொட்டியைவிட அழகாக இருந்தது.

அக்கா கீழே, தங்கை மேலே. ஒரே வீடு, ஒரே மாடிப்படி. தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நரம்பு தேடிப் பழகிய அந்த விரல்கள் நட்டது எதுவும் வாடியதில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. உறவினர் கூடும் இடத்திலெல்லாம் அதற்கு ஒரு சொல் தயாராக இருந்தது. மலடி! பெண்ணைப் பால்மாடு போல் எடைபோட்டுப் பார்க்கும் கூட்டம் பெற்றுப் பேர் வைத்து வளர்த்த சொல் அது. அதை அந்த வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவன் தங்கையின் கணவனேதான். அவன் வேலை தேடி வெளிநாடு போனான் என்றார்கள்; போனவனிடமிருந்து பிறகு ஒரு பேச்சும் இல்லை.

அக்கா அந்தச் சொல்லை ஒருநாளும் உச்சரித்ததில்லை. உச்சரித்தவர்களைக் கடிந்துகொண்டாள். வாய் கடிந்தது, மனம் சுவைத்தது. அழகில் முந்தியவள், படிப்பில் முந்தியவள், கைராசியில் முந்தியவள், இதோ இந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்ற நினைப்பு, லாரியோடு ஊர் ஊராகப் போய்விடும் தன் கணவனுக்காகக் காத்திருந்த நாட்களில் அவளுக்குக் கற்கண்டாக இருந்தது.

அந்தக் கற்கண்டையும் தங்கை தட்டிப் பறித்தாள். பள்ளி விட்டதும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு மகள் மாடிக்கு ஓடினாள். அங்கே, ஒரு சிறு காடு கண்ணாடிக்குள் நின்றது. புல்லாய் விரிந்த பச்சை, நாடாவாய் அசைந்த பச்சை, நடுவில் மணலிலிருந்து நிமிர்ந்து உச்சியில் ஐந்தாகப் பிரிந்த ஒரு கறுத்த கட்டை. அந்தக் கட்டையைத் தழுவிக்கொண்டு, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் கரும்பச்சை இலைகளோடு ஒரு செடி. அதன் முன் மகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். சித்தி தலைவாரிவிட்டாள். சித்தி சோறு பிசைந்து கொடுத்தாள். தூக்கத்தில் மகள் முனகியதுகூட, "சித்தி" என்றுதான்.

தாய் என்ற பட்டம் யாருக்கு? பெற்றவளுக்கா, பெட்டி நிறையப் புல் வளர்த்தவளுக்கா? அக்காவுக்குப் பற்றி எரிந்தது.

கலர் மீன் கடைக்குப் போனாள். இருப்பதிலேயே சிவந்ததை, இருப்பதிலேயே பகட்டானதைக் கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சிவப்புச் செடிக்கு நல்ல வெளிச்சம் வேணும், தண்ணியில வாயு கலக்கணும், அதோட பொறுமையும் வேணும். முதல் ரெண்டும் என் கடையில இருக்கும்மா," என்றார்.

மூன்றாவது அவளிடம் இல்லை. தொட்டியும் வாங்கி வந்து நட்ட செடிகளின் இலைகளெல்லாம் சில நாட்களில் கண்ணாடிபோல் வெளிறி, கூழாகி, கரைந்தன. தங்கை ஒருநாள் படியிறங்கி வந்து தொட்டியைப் பார்த்தாள். அவை காற்றில் வளர்ந்த இலைகள், நீருக்குள் வந்தால் கரையத்தான் செய்யும், வேர் உயிரோடிருக்கிறது, புது இலை வரும், பிடுங்க வேண்டாம் என்றாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே அக்கா அத்தனையையும் அன்று மாலையே பிடுங்கி எறிந்தாள்.

அப்புறம்தான் அந்தத் திருட்டு. தங்கை வேலைக்குப் போன பிறகு, அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த சாவியால் மாடிக்கதவைத் திறந்தாள். கட்டையைத் தழுவிக் கிடந்த கரும்பச்சைச் செடியின் தண்டில் ஒரு துண்டை, துணி வெட்டும் கத்தரியால் நறுக்கினாள். உள்ளே அது எலும்பைப்போல் வெண்மையாக இருந்தது.

அந்தச் செடியைப் பற்றித் தங்கை முன்பே சொல்லியிருந்தாள். மகளுக்குச் சொன்னாள், அக்கா வாசற்படியில் நின்று கேட்டாள். "இஞ்சி மாதிரி படுத்திருக்கு பாரு, இந்தத் தண்டை மட்டும் மணல்ல புதைக்கவே கூடாது. கட்டை மேல வெச்சு நூலால கட்டணும். வேர் தானா பிடிச்சுக்கும்."

"புதைச்சா என்ன ஆகும் சித்தி?"

"மூச்சு முட்டும். மத்த செடின்னா அழுகிப் போயிடும். இது சாகாது. வேற எங்கயாவது மூச்சைத் தேடிக்கும்," என்று அவள் சிரித்தாள். மகளும் சிரித்தாள். இந்தக் கட்டை எங்கே கிடைத்தது என்று அக்கா பேச்சை மாற்றினாள்.

"எங்கயும் போய்த் தேடல அக்கா. வீட்டிலேயே இருந்ததுதான்," என்றாள் தங்கை, இடுக்கியால் ஒரு பழுத்த இலையைக் கிள்ளியபடி.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கும் தையற்காரி! கைக்கெட்டும் தூரத்தில் நிறம் நிறமாய் நூற்கண்டுகள். ஒரு முழம் அறுத்திருந்தால் போதும். ஆனால் அது தங்கை சொன்ன முறை. தங்கை சொன்னதைத் தன் வீட்டில் தான் ஏன் செய்ய வேண்டும்? மணலை விலக்கினாள். தண்டைக் கிடத்தினாள். மேலே மணலைத் தள்ளி, இரண்டு விரலால் அழுத்தி மூடினாள்.

அது வளர்ந்தது. வெறிகொண்டு வளர்ந்தது. இலைக்குமேல் இலை விரித்து, தொட்டியின் விளிம்புவரை எட்டி நின்றது. மீன்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு ஏறி வாய் திறந்து தவித்து, ஒவ்வொன்றாகக் காணாமற்போயின; மீனுக்காகவா வாங்கினேன் என்று அவள் விட்டுவிட்டாள். ஏனென்றால், அவள் ஏங்கியது நடந்துவிட்டது. மகள் கீழேயே உட்கார்ந்தாள். இந்தத் தொட்டியின் முன்னால், இவள் இயந்திரத்தின் பக்கத்தில், இவள் கண்ணெதிரே. படிக்கட்டில் அந்தச் சின்னக் காலடிச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று.

வென்றேன் என்றது தாயுள்ளம்.

மகளின் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தாள். பேச்சு பாதியில் அறுவதைக் கேட்டாள். மருத்துவர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, சளி இல்லை, நன்றாகச் சாப்பிடட்டும் என்று அனுப்பினார். மாடியிலிருந்து சித்தி கூப்பிட்டபோதெல்லாம் மகள் படியின் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்தாள், திரும்பி வந்தாள். அந்தத் திரும்பலைக் கண்டு தாய் பூரித்தாளே தவிர, பிள்ளை ஏன் திரும்புகிறாள் என்று கேட்கவில்லை. பொறாமைக்குக் கண் இரண்டல்ல, ஆயிரம்; ஆனால் அத்தனையும் மாடியைப் பார்த்தே நின்றன.

விடுமுறை நாள் ஒன்றின் பிற்பகலில் மழை பிடித்தது. வானம் அடைத்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று. தொட்டியின் அடியில் முனகிக்கொண்டிருந்த சிறு இயந்திரமும் ஓய்ந்தது. வீடு முழுவதும் ஓட்டில் விழும் மழையின் ஒரே நீண்ட சத்தம். தொட்டிக்கு எதிரே நீளநாற்காலியில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். தையற்காரி சன்னல் வெளிச்சத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மழை கொஞ்சம் தணிந்தபோது அவளுக்கு அது கேட்டது.

மிக மெல்லிய சத்தம். நீரின் மேல் ஏதோ உடையும் சத்தம்.

தலையை நிமிர்த்தினாள். இருண்ட தொட்டியில் குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன. மகளின் மார்பு தாழ்ந்தது, குமிழி பிரிந்தது. மார்பு ஏறவில்லை. ஏற முயன்றது. பாதியில் நின்றது. இலைகள் எல்லாம் ஒருசேர, காற்றே இல்லாத நீருக்குள், மகள் படுத்திருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தன.

தாழ்ந்தது. குமிழி.

தாழ்ந்தது. குமிழி.

ஊசி கையிலிருந்து விழுந்தது. மகளை உலுக்கினாள். விழிக்கவில்லை. தூக்கினாள். துணிபோல் துவண்டாள். வாசலுக்கு ஓட இரண்டடி வைத்தாள், குமிழிகள் விரைந்தன, மகளின் உதட்டில் நீலம் படர்ந்தது. தொட்டியின் பக்கம் திரும்பினாள். நீலம் கொஞ்சம் வெளுத்தது.

அப்போது புரிந்தது. எடுத்துப்போக முடியாது. பிடுங்கத்தான் வேண்டும்.

மகளைக் கிடத்தினாள். முழங்கைவரை கையை நீருக்குள் விட்டாள். நீர் குளிரவில்லை, வாய்க்குள் விட்டதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. மணலைத் தோண்டினாள். உள்ளே மணலே இல்லை. வேர். அடிவரை வேர். மெல்லிய, வெளுத்த, முடிவில்லாத வேர். பிரிந்துபோன நூற்கண்டைப்போல். விரல்களை நுழைத்தாள். தண்டைப் பிடித்தாள். இழுத்தாள்.

வந்தது. பிள்ளையின் கை தாயின் கையோடு வருவதுபோல், மிருதுவாக வந்தது.

மகள் மூச்சு இழுத்தாள். நிறைந்த மூச்சு. இன்னொன்று. கன்னத்தில் ரத்தம் ஏறியது. தாய் அழுதாள். செடியை வெளியே எறியக் கையைத் தூக்கப் போனாள்.

கை வரவில்லை.

வேர்கள் விரல்களைச் சுற்றியிருந்தன. ஐந்து விரல்களையும். இறுக்கமாக அல்ல, பொறுமையாக. ஒவ்வொரு கணுவாக. அவள் இழுத்தாள். மூச்சு பாதியில் நின்றது. அவள் மூச்சு. இலையின் அடியில் ஒரு குமிழி பிரிந்தது. மகளைக் கூப்பிட வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னொரு குமிழி.

மின்சாரம் வந்தது. தொட்டி விளக்கு எரிந்தது.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கினாள். தொட்டியைப் பார்த்தாள். தாயின் முகத்தை நோக்கி அந்தப் பார்வை ஏறவே இல்லை, கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிட்டது. "எவ்ளோ அழகா இருக்கு," என்றாள். பிறகு ஓடினாள். படிக்கட்டில் காலடி, நிற்காமல், இளைக்காமல், ஏறிப் போயிற்று. "சித்தி! சித்தி, வந்து பாருங்களேன்!"

இருவரும் கைகோத்து இறங்கி வந்தார்கள். தங்கை தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். திருடியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல் இயந்திரத்தின் தலையிலிருந்து கறுப்பு நூற்கண்டை எடுத்தாள். முனையைப் பல்லால் கடித்துச் சீராக்கினாள். நரம்பு தேடிப் பழகிய விரல்கள் நீருக்குள் இறங்கி, அக்காவின் மணிக்கட்டைத் தொட்டு, துடிப்பைக் கண்டு, அங்கே தண்டைப் பொருத்தி வைத்தன.

முதல் சுற்று.

"நீ அந்த வார்த்தையை ஒரு நாளும் வாயால சொன்னதில்ல அக்கா," என்றாள் தங்கை, மிக அன்பாக. "எனக்குத் தெரியும்."

இரண்டாம் சுற்று இறுகியது. நீருக்கு அடியில் கை கறுத்துக்கொண்டே வந்தது, தோலில் மரத்தின் ரேகைகள் ஓடின, முழங்கையைத் தாண்டின. மகள் சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினாள்.

"சித்தி, இந்தக் கட்டையும் அஞ்சாப் பிரிஞ்சிருக்கு."

ஒரு குமிழி எழுந்தது.