ஒன்பது வாய்ச் சோற்று நேரம்

கதவைத் திறந்தபோது வைத்தது வைத்தபடியே இருந்தது, பாஸ்போர்ட்டைத் தவிர.

மாலை ஏழரை மணி. கானா நாட்டின் தேமா துறைமுகத்துக்குப் பின்தெருவிலுள்ள யோங்தோ கொரிய உணவகத்துக்கு அன்று விடுமுறை. உள்ளறையில் கேப்டன் பியோ சாங்கூவுக்கு மூன்றாம் ஆண்டுத் திதி. அவருடைய படத்துக்கு முன்னால் சுட்ட மீன், பேரிக்காய், மிளகாயும் பூண்டும் படாத கீரைகள் என்று வரிசை வரிசையாகப் படையல். சோற்றில் நட்டுவைத்த கரண்டி அப்படியே நின்றது. படத்தின் காலடியில் விதவை ஹேரான் வைத்திருந்த பாஸ்போர்ட்டைத்தான் காணவில்லை.

அவளுக்கு நாளை மதியம் அக்ராவிலிருந்து விமானம். கணவரிடம் சொல்லிக்கொண்டு போவதாக நினைத்து அதைப் படையலோடு வைத்திருந்தாள். கொரியாவில், பூசானில் தங்கை வீட்டில் வளரும் மகளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. முதல் தடவை கிளம்பியபோது உணவக உரிமத்தில் சிக்கல். அடுத்த தடவை மாமியாருக்கு முழங்கால் அறுவை. இந்தத் தடவை இது.

"என்னை இங்கேயே புதைச்சிடுங்க" என்றாள் ஹேரான். அழவில்லை. வறண்ட காற்றில் வெடித்திருந்த உதட்டிலிருந்து ரத்தம் மட்டும் கசிந்தது.

கொழுந்தன் ஜின்கூ அதற்குள் போனை எடுத்துவிட்டான். "துறைமுக போலீஸுக்குச் சொல்றேன். எல்லாம் அந்தச் சமையல்காரி அட்ஸோ வேலைதான் அண்ணி. பாஸ்போர்ட்டுக்கு வெளியில என்ன விலை தெரியுமா?"

"போனை வை" என்றார் மோ கிதேக்.

செத்துப்போன கேப்டனின் நண்பர் அவர். முப்பது வருடமாக இந்தத் துறைமுகத்தில் இழுவலைக் கப்பல்களின் சேதங்களை மதிப்பிட்டு, காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுகிறவர். கப்பல் எப்படி உடைந்தது என்று கேப்டன்கள் சொல்வதை முழுதாகக் கேட்டுக்கொள்வார். பிறகு உடைந்த இடத்தைப் போய்ப் பார்ப்பார்.

"யாரும் வெளிய போக வேண்டாம். வெளிக்கதவைச் சாத்து."

நடந்தது இவ்வளவுதான். ஆவி சாப்பிடும்போது பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதனால் கரண்டியைச் சோற்றில் நட்டதும் அறையைச் சாத்திவிட்டு, ஒன்பது வாய்ச் சோறு உண்ணும் நேரம் வெளியே தலைகுனிந்து நிற்பார்கள். கிதேக், ஜின்கூ, ஹேரான் மூவரும் நடையில் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். பிறகு ஜின்கூ மூன்று முறை இருமிவிட்டுக் கதவைத் திறந்தான். அந்த இருமல் கேட்டதும் சமையல்காரி அட்ஸோ ஆவிக்குக் குடிக்க வெந்நீர் கொண்டுவர வேண்டும். இந்த வீட்டுத் திதிகளில் ஏழு வருடமாக அவளுக்குப் பழகிய வேலை.

கிதேக் அறையைச் சுற்றிவந்தார். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. சமையலறைப் பக்கச் சுவரில் தட்டு நீட்டுவதற்கு ஒரு சிறு திறப்பு. அதற்கு மெல்லிய பலகை மூடி. எதிர்ச் சுவரில் படையல் மேஜை. அதற்குப் பின்னால் மடக்குத் திரை. மேஜையின் ஒரு காலுக்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருந்தது.

"இது எதுக்கு?"

"ஆடுது அண்ணே" என்றான் ஜின்கூ. "மழைக்காலம் முழுக்கக் கல்லு மாதிரி நின்னுச்சு. பாலைவனத்துலேருந்து வர்ற இந்த ஹர்மட்டான் வறட்டுக் காத்து ஆரம்பிச்சதும் மூட்டெல்லாம் கழண்டுபோச்சு. இப்ப மேஜையா முக்கியம்?"

"திரைக்குப் பின்னால?"

"அம்மா ரூமுக்குப் போற கதவு. யாரும் அதைத் தொடுறதில்ல. கடல் ஈரத்துல உப்பி இறுகிடுச்சு. ஜூலைல நான் தோளால முட்டியே அசையல."

ஜின்கூவின் அம்மா கில் பொங்சுன்தான் உணவகத்தின் சொந்தக்காரி. பெற்றவள் பிள்ளையை வணங்குவது முறையில்லை என்பதால் திதி நேரத்தில் அவள் தன் அறையிலேயே இருந்துவிடுவாள்.

கிதேக் குனிந்து தரையைப் பார்த்தார். காலையில் பெருக்கிய தரைதான். ஆனாலும் மாவு சலித்தாற்போல் மெல்லிய புழுதி மறுபடி படிந்திருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"அட்ஸோவைக் கூப்பிடு."

அட்ஸோ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஜின்கூவின் பக்கம் திரும்பவேயில்லை.

"வெந்நீர் எப்ப கொண்டுவந்தே?"

"இருமல் கேட்டதும்."

"பொய்!" என்றான் ஜின்கூ. "நான் இருமிக் கதவைத் திறந்தப்பவே கிண்ணம் திறப்புல இருந்துச்சு அண்ணே. தொட்டுப் பாத்தேன், ஆறியே போச்சு. முன்னாடியே பலகையை நகத்தி உள்ள கையை விட்டிருக்கா!"

"எங்க, நீ கையை விட்டு அந்தப் படத்தைத் தொடு பாப்போம்" என்றார் கிதேக்.

ஜின்கூ சமையலறைக்குப் போய்த் திறப்பின் வழியே தோள்வரை கையை நுழைத்தான். விரல் நுனிக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம்.

"முதலாளி, அப்படியே மீன் தட்டையும் எடுத்துக் குடுத்துடுங்க, கை நீளமாத்தானே இருக்கு" என்றாள் அட்ஸோ. ஹேரானுக்கே சிரிப்பு வந்து அடங்கியது.

"அட்ஸோ, எத்தனை இருமல் கேட்டே?"

"ரெண்டு தடவை கேட்டுச்சு. முதல்ல சின்னதா, தொண்டையைக் கனைச்ச மாதிரி. உடனே தண்ணி வெச்சுட்டேன். கதவைத் திறக்கற சத்தமே வரல, என்னடா இதுன்னு நின்னேன். அப்புறமா முதலாளி இருமினாரு, லாரி கிளம்புற மாதிரி."

"நடையில நாங்க மூணு பேரும் நின்னோம்" என்றாள் ஹேரான். "யாரும் முன்னாடி இருமலையே."

"நடைக்குக் கேட்டிருக்காது" என்றார் கிதேக். "இந்தக் கதவு கனமானது, அந்தப் பலகை மெல்லிசு. அறைக்குள்ள எழுந்த இருமல் சமையக்கட்டுக்குத்தான் போகும்."

ஜின்கூ கேலியாகச் சிரித்தான். "ஏன் அண்ணே, திருட வர்றவன் இருமிட்டா உள்ள வருவான்?"

"வரமாட்டான்" என்றார் கிதேக். "அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் மேஜைக்குப் பின்னால் போய் மடக்குத் திரையின் கால் பக்கம் காட்டினார். புழுதியில் வளைவாக ஒரு கீறல், அரிவாள் போல. யாரோ திரையைத் தள்ளிவிட்டு மறுபடி இழுத்துவைத்திருக்கிறார்கள்.

"ஜின்கூ, மேஜை மூட்டு எதுனால கழண்டுது?"

"காத்துல மரம் சுருங்கி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான்.

"கதவும் மரம்தான். நீ ஜூலைல முட்டின. இது ஜனவரி."

கிதேக் திரையை விலக்கி ஒற்றை விரலால் கதவைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

அந்தப் பக்கம் சிறிய அறை. பொங்சுன் மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓய்வெடுக்கிறவள் போலில்லை, பஸ் வரக் காத்திருப்பவள் போல மடியில் கைகளைக் கோத்திருந்தாள்.

"அம்மா" என்றார் கிதேக் மெதுவாக. "பாஸ்போர்ட்டைக் குடுத்துடுங்க."

"அண்ணே! அம்மாவைப் போய்..."

"சும்மா இரு. வெளியாள் யாரா இருந்தாலும் சத்தமில்லாம வந்து எடுத்துட்டுப் போயிருப்பான். அவனுக்கு அது ஆளில்லாத ரூம். உள்ள மகன் உக்காந்து சாப்பிடறான்னு முழுசா நம்பற ஒருத்திதான் இருமிட்டு நுழைவா. சாப்பிடறவன் திடுக்கிடக் கூடாதேன்னு."

பொங்சுன் மெத்தையின் கீழிருந்து கருநீலப் புத்தகத்தை எடுத்தாள். கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இருமாம எப்படிப் போறது?" என்றாள். "சோத்துல கரண்டி நிக்குது. மெழுகுவத்தி எரியுது. அவன் கண்ணு முன்னாடியே அதை எடுக்கணும். 'அம்மா தப்புப் பண்றேன்டா, நீ சாப்பிடு'ன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன்."

"என் மகளுக்குப் பத்து வயசாகுது அத்தை" என்றாள் ஹேரான். குரல் உயரவில்லை. "போன்ல என்னை 'நீங்க, வாங்க'ன்னு பேசறா. அந்நியர்கிட்ட பேசற மாதிரி."

"நீ போனா திரும்ப மாட்டே."

"மாட்டேன்."

"பின்ன? இந்த ஜின்கூ கப்பலே கதின்னு கிடக்கறான். நான் எங்க போறது? பூசான்ல என்னை யாருக்குத் தெரியும்? தெரிஞ்சவங்க எல்லாம் செத்தாச்சு. இங்க இந்த நாலு சுவருதான். அதுக்குள்ள நீயாவது இருப்பேன்னு..."

ஜின்கூ தரையைப் பார்த்தபடி அட்ஸோவிடம் ஏதோ முனகினான்.

"கேக்கல முதலாளி" என்றாள் அவள்.

"மன்னிச்சிடுன்னேன்!"

"இப்ப கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன வெந்நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சுடவைக்கப் போனாள். திதி இன்னும் முடியவில்லை அல்லவா.

பொங்சுன் பாஸ்போர்ட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள். பெரியவர்களுக்குக் கொடுப்பது போல. ஹேரானும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிதேக் காரோடு வந்தார். புழுதி மூட்டத்தில் சூரியன் வெளிறிக் கிடந்தது. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது ஹேரான் மாமியாரின் மூடிய கதவுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

மெதுவாக ஒருமுறை இருமினாள்.

கிதேக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

பிறகு உள்ளிருந்து ஓர் இருமல் பதிலாக வந்தது. கதவு திறக்கவில்லை. ஹேரான் அந்தக் கதவை நோக்கித் தரையில் நெற்றி பட ஒருமுறை வணங்கிவிட்டு, எழுந்து காருக்கு நடந்தாள்.